பெட்டியில் இருக்கும் கம்பளியில் ஒரு கோட்: தையல் கேள்வி பதில்

குளிர்காலக் கோட் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழுக்கென்று சேர்த்து வைத்திருந்தேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் புதுத் துணி வாங்கப்போகிறவர்கள் இல்லை. யாரோ பயன்படுத்திக் கைமாறி வந்த துணிகளைப் பல காலமாகச் சேர்த்து வைத்துவிட்டு, இப்போது கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்குகிறவர்கள். பழைய கம்பளித் துணி எனக்கு மிகவும் பிடித்தமானது. நன்றாகப் புழங்கிய பிறகும் உறுதியாக இருக்கும் கம்பளி, கோட்டாக மாறினால் இன்னும் நெடுநாள் உழைக்கும். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் அதை நன்றாக விசாரித்துவிட வேண்டும்.

கேள்வி: அக்கா, ஒரு பெட்டி நிறையப் பழைய துணி வைத்திருக்கிறேன். சிலது தடித்த போர்வை, சிலது வெட்டுத் துண்டு, ஒன்று யாரோ போட்டுக் கழித்த நீளக் கோட். லைனிங் வைத்து ஒரு குளிர்கோட் தைக்க ஆசை. எது கோட்டுக்கு ஆகும், எது ஆகாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். கைக்குக் கெட்டியாகத் தெரிகிற துணியில்கூட வெளிச்சம் ஊசிமுனைப் புள்ளிகளாகக் கசியும். பெரும்பாலும் அவை அந்துப்பூச்சி வேலை. பழைய கோட் என்றால் முழங்கை, உட்காரும் இடம், பாக்கெட் வாய் மூன்றையும் தனியாகப் பாருங்கள். ஓட்டைகளையும் நைந்த இடங்களையும் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டால், வெட்டும்போது அவற்றை ஒதுக்கிக்கொள்ளலாம்.

அடுத்து வலு. இரண்டு கட்டைவிரலையும் துணியின்மேல் அருகருகே அழுத்தி வைத்து வெளிப்பக்கமாக இழுங்கள். பாவு வாக்கில் (நெடுக்கு நூல்) ஒருமுறை, ஊடை வாக்கில் (குறுக்கு நூல்) ஒருமுறை. மெல்லிய 'பொட்' சத்தம் கேட்டாலோ, நூல்கள் விலகி அப்படியே நின்றாலோ அது கோட்டுக்கு ஆகாது. தடித்த துணி எப்படி இவ்வளவு பலவீனமாக இருக்கும் என்று பலர் கேட்பார்கள். பழைய கம்பளி ஆடைகளைக் கிழித்து நார் நாராக்கி மறுபடி நூற்று நெய்யும் முறை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பேட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா என்பவர் 1813-ல் இதைத் தொடங்கினார். அப்படிக் கிழிபடும்போது நார் குட்டையாகிவிடும். குட்டை நாரில் நெய்த துணி தடிமனாக இருந்தாலும் இழுவைக்குத் தாங்காது. மலிவான போர்வைகளில் இந்த வகை நிறைய உண்டு.

மூன்றாவது, அது கம்பளிதானா என்பது. ஓரத்தில் நாலைந்து நூல் உருவி, இடுக்கியில் பிடித்து, கீழே உலோகத் தட்டு வைத்துக்கொண்டு தீயில் காட்டுங்கள். கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும், தீயை எடுத்ததும் தானே அணையும், கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். தீ வேண்டாம் என்றால், நூலைக் குளோரின் கலந்த பிளீச்சில் போட்டு வையுங்கள். கம்பளி கரைந்துபோகும், பாலியஸ்டரும் பருத்தியும் அப்படியே கிடக்கும். கொஞ்சம் பாலியஸ்டர் கலந்திருந்தால் நான் ஒதுக்கமாட்டேன். முழுக்க அக்ரிலிக் என்ற செயற்கை நூல் என்றால் கோட்டுக்கு வேண்டாம் என்பேன். நீராவிக்கு அது கம்பளிபோல வடிவம் எடுக்காது. இஸ்திரிச் சூடு கொஞ்சம் கூடினாலும் பளபளவென்று படிந்துவிடும்.

கடைசியாகப் பூச்சி. துணியைத் தின்பது பறக்கும் பூச்சி இல்லை, அதன் புழு. வியர்வையும் உணவுக் கறையும் படிந்த இடம் அதற்கு மிகவும் இஷ்டம். அதனால் சந்தேகமான துணியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கவேண்டாம். அறைச் சூட்டுக்கு வந்தபிறகு திறந்தால்தான் துணியில் ஈரம் கோக்காது. பிறகு உதறி, தையல் ஓரங்களையெல்லாம் பிரஷால் நன்றாகத் தேயுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, துணியை வெட்டும் முன்பே சுருங்கவைத்துவிடுவது பாக்கி. ஒரு பருத்திப் போர்வையை நனைத்துப் பிழிந்து கம்பளித் துணியின்மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துத் தளர்வாகச் சுருட்டி, ஓர் இரவு வையுங்கள். காலையில் பிரித்துத் தரையில் பரப்பிக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் இழுபட்டுக் கோணலாகும். 'முன்பே துவைத்த துணிதானே' என்று இதைத் தவிர்க்கவேண்டாம். நாம் இனிமேல் அடிக்கப்போகும் நீராவியை அது இதுவரை பார்த்திருக்காது.

கேள்வி: கோட்டின் அளவுக்கே துல்லியமாக லைனிங் வெட்டித் தைத்தேன். போட்டுக்கொண்டு கையை முன்னால் நீட்டினால் முதுகில் பிடிக்கிறது. கையைத் தூக்கினால் கோட் முழுக்க மேலே ஏறுகிறது. கீழ் ஓரமும் உள்பக்கமாகச் சுருண்டு நிற்கிறது. எங்கே தவறு?

பதில்: துல்லியமாக அதே அளவுக்கு வெட்டியதுதான் காரணம். லைனிங் கோட்டுக்குள்ளே இருப்பதால் சின்னதாக இருக்கவேண்டும் என்றுதான் மனசுக்குத் தோன்றும். உண்மையில் அது கோட்டைவிடக் கொஞ்சம் தாராளமாக இருக்கவேண்டும். கம்பளி நெசவு உடம்போடு சற்று நெகிழும், நெருக்கமாக நெய்த லைனிங் நெகிழாது. இடம் விடாவிட்டால் அது கோட்டை உள்ளிருந்து இழுத்துப் பிடிக்கும்.

முதல் இடம் முதுகு. லைனிங்கின் பின்துண்டை நடுவில் மடித்து வெட்டும்போது, மடிப்பை அளவுக் கோட்டிலிருந்து 2.5 செ.மீ. வெளியே தள்ளி வையுங்கள். விரித்தால் மொத்தம் 5 செ.மீ. கூடுதலாக இருக்கும். அதைக் கழுத்தடியில் ஒரு மடிப்பாக மடித்து மேலே 5 செ.மீ. நீளத்துக்குத் தைத்து, இடுப்பிலும் கீழேயும் கொஞ்சம் பிடித்துவிட்டு, நடுவே திறந்து விட்டுவிடுங்கள். நல்ல கோட் எதைத் திறந்து பார்த்தாலும் இந்த மடிப்பு இருக்கும். கையை நீட்டும்போது அது விரிந்து கொடுத்து, பிறகு தானே மூடிக்கொள்ளும்.

இரண்டாவது அக்குள். உங்கள் கோட் மேலே ஏறுவது இதனால்தான். கை இணைக்கும் வளைவில் அக்குள் பக்கம் உள்ள தையல் ஓரத்தைப் படிய வைக்கமாட்டோம், அது நிமிர்ந்து நிற்கும். லைனிங் அந்தத் தையலின்மேல் ஏறி இறங்கவேண்டும். கோட் அளவிலேயே வெட்டியிருந்தால் அந்தத் தூரத்துக்குத் துணி இருக்காது. ஆகவே லைனிங்கின் உடல் துண்டுகளிலும் கைத் துண்டிலும் அக்குளை 1 முதல் 1.5 செ.மீ. உயர்த்தி வெட்டுங்கள். அளவை உயர்த்தினால் கை வளைவு சின்னதாகி இன்னும் பிடிக்குமே என்று பயம் வரும். லைனிங்கில் அப்படி ஆகாது.

மூன்றாவது கீழ் ஓரம். கோட்டின் மடித்த ஓரத்திலிருந்து 2 செ.மீ. மேலே லைனிங் முடியவேண்டும். ஆனால் அந்த இடத்தில் விறைப்பாக முடியக்கூடாது. நீளத்தில் ஒன்றரை செ.மீ. அதிகம் வைத்து, அது கீழ்ப்பக்கம் ஒரு சின்னத் தொங்கல் மடிப்பாக விழும்படி கையால் தையுங்கள். உட்கார்ந்து எழும்போது லைனிங் அந்த மடிப்பிலிருந்து இறங்கிக்கொள்ளும். கை முனையிலும் இதே மாதிரிதான். உங்கள் கோட்டின் ஓரம் சுருளுவது இந்தத் தொங்கல் இல்லாததால்.

தைத்து முடித்த கோட்டை இப்போது காப்பாற்ற முடியுமா என்றால், ஓரளவுக்கு முடியும். கீழ் ஓரத்தையும் கை முனைகளையும் பிரித்து, குறைகிற நீளத்துக்கு அதே துணியில் ஒரு பட்டை ஒட்டுப்போடுங்கள். முதுகில் நடுவே மேலிருந்து கீழாக வெட்டி ஒரு பட்டை சேர்த்து மடிப்பு உண்டாக்கலாம். அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு சேர்த்தால் கை நன்றாகவே தூக்க வரும். உள்ளே இருப்பது, யாருக்கும் தெரியாது.

கேள்வி: லைனிங்குக்குப் பழைய பட்டுத் துணி இருக்கிறது, மெல்லிய பருத்தியும் இருக்கிறது. எது நல்லது?

பதில்: கைகளுக்கு வழுக்குகிற துணி கட்டாயம் வேண்டும். பருத்தி லைனிங், உள்ளே போட்டிருக்கும் ஸ்வெட்டரின் கையைப் பிடித்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் உள்கையைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போடவேண்டியிருக்கும். உடம்புப் பகுதிக்குப் பருத்தி வைத்தால் பாதகமில்லை. கைகளுக்கு விஸ்கோஸோ (ரேயான் வகை) குப்ரோவோ கிடைத்தால் விடாதீர்கள். குப்ரோ, பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டை இழையிலிருந்து செய்வது; வழுக்கும், வியர்வையையும் உறிஞ்சும். பாலியஸ்டர் லைனிங் நன்றாக உழைக்கும். ஆனால் வறண்ட குளிரில் கம்பளியோடு உரசி மின் பொறி தட்டும்.

பழைய பட்டு அழகுதான். ஆனால் பல காலம் மடிந்தே கிடந்த பட்டு மடிப்பில்தான் முதலில் விரியும். மடிப்புக் கோட்டிலேயே கட்டைவிரல் சோதனை செய்யுங்கள். தாங்கினால், பின்னால் மெல்லிய பருத்தியை வைத்து இரண்டையும் ஒரே துணியாகச் சேர்த்துத் தையுங்கள். ஜரிகை வருகிற பகுதியைக் கழுத்துக்கும் அக்குளுக்கும் கொண்டுவரவேண்டாம், உறுத்தும்.

கேள்வி: அருமையான கம்பளித் துணி ஒன்று கிடைத்தது. 150 செ.மீ. அகலம், இரண்டு மீட்டருக்கும் குறைவு. முழங்கால் வரை கோட் வேண்டும். முடியுமா?

பதில்: அந்த அகலத்தில் முழங்கால் கோட்டுக்கு வழக்கமாக இரண்டரையிலிருந்து மூன்று மீட்டர் கேட்பார்கள். ஆனால் அந்தக் கணக்கு எல்லாத் துண்டுகளையும் ஒரே துணியில் வெட்டுவதற்கு. வெளியே தெரியாத துண்டுகளையெல்லாம் வேறு துணிக்கு மாற்றிவிட்டால் இரண்டு மீட்டருக்குள் அடங்க வாய்ப்பு இருக்கிறது.

காலரின் அடிப்பக்கத்தை வேறு மெல்லிய கம்பளியில் வெட்டுங்கள். மெல்லியதாக இருந்தால் காலர் நன்றாக மடிந்து விழும், தையல்காரர்கள் துணி தாராளமாக இருக்கும்போதே அப்படிச் செய்வதுண்டு. பாக்கெட் பை லைனிங் துணியில் போகட்டும். முன்பக்க உள்பட்டையைக் கடைசிக் காஜாவுக்குக் கீழே ஒட்டுப்போடலாம், கோட் திறந்தாலும் அந்த இடம் கண்ணில் படாது. கீழ் மடிப்புக்கு 4–5 செ.மீ. விடுவதற்குப் பதில் வேறு துணியில் பட்டை கொடுத்துத் திருப்பலாம். பின்துண்டை நடுவில் இரண்டாகப் பிரித்தால் குறுகலான இடங்களில்கூட நுழைக்கலாம். தோள்பட்டைத் துண்டு தனியாக வைத்தால் அது அலங்காரமாகவே தெரியும்.

வெட்டும்போது துணியை மடித்துப் போடாமல் ஒற்றையாக விரியுங்கள். தடித்த துணிக்கு அதுதான் துல்லியம், இடமும் மிச்சமாகும். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவேண்டாம்: ரோமத்தின் திசை. உள்ளங்கையால் தடவினால் ஒரு பக்கம் படியும், எதிர்ப்பக்கம் சிலிர்க்கும். எல்லாத் துண்டும் ஒரே பக்கம் படியவேண்டும். இடம் போதவில்லை என்று ஒரு கையை மட்டும் தலைகீழாக வெட்டினால், வெயிலில் அந்தக் கை வேறு நிறமாகத் தெரியும்.

முதல் வாசகி எழுதியதுபோலப் பழைய கோட் ஒன்று கையில் இருந்தால் அதையும் பிரிக்கலாம். வெளிப்பக்கம் வெளுத்திருந்தாலும் உள்பக்கம் பல சமயம் புதுசாக இருக்கும். துணியைப் புரட்டித் தைக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் உடைக்கு ரேஷன் வந்தது. முதல் ஆண்டுக்கு ஆளுக்கு 66 கூப்பன்தான், பெண்களின் நீளமான லைனிங் கோட் ஒன்றுக்கே 14 போய்விடும். கோட்டுகளைப் பிரித்துப் புரட்டித் தைப்பது அங்கே ஏற்கெனவே இருந்த பழக்கம்தான். அந்த ஆண்டுகளில் அதற்கு அவசியம் கூடியது. புரட்டும்போது இடது முன்துண்டு வலதாகும். ஆண்கள் கோட்டில் காஜா இடப்பக்கம் இருக்கும், புரட்டினால் வலப்பக்கம் வரும். பெண்கள் கோட்டுக்கு அதுதான் வழக்கமான பக்கம். ஆகவே ஆண்கள் கோட்டைப் புரட்டிப் பெண்ணுக்குத் தைத்தால் காஜா சரியான பக்கத்திலேயே அமைந்துவிடும். மார்புப் பாக்கெட் மட்டும் இடம் மாறும், அதைப் பின்னால் துணி வைத்து மூடிவிடுங்கள். பிரிக்கும்போது அவசரப்பட்டு இழுக்காமல் நூலை வெட்டி வெட்டி எடுங்கள். பழைய ஊசித் துளைகள் நீராவி காட்டி பிரஷால் தேய்த்தால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

கேள்வி: என் துணி அவ்வளவு தடிமன் இல்லை. பனி விழும் இடத்துக்குப் போகிறேன். எப்படி இன்னும் கதகதப்பாக்குவது?

பதில்: கம்பளிக்கும் லைனிங்குக்கும் நடுவே இன்னொரு அடுக்கு வையுங்கள். பஞ்சுபோன்ற பருத்தி ஃபிளானல், மெல்லிய கம்பளிப் போர்வை, எதுவானாலும் சரி. கதகதப்பைத் தருவது அந்த அடுக்குகளுக்குள் அசையாமல் நிற்கும் காற்று. அதனால் கனமான துணியைவிடப் புசுபுசுவென்ற துணி மேல். லைனிங் துண்டுகளின் பின்னால் அதை வைத்து ஓரங்களைச் சேர்த்துத் தைத்துவிட்டு, பிறகு இரண்டையும் ஒரே துணியாகப் பாவித்தால் வேலை சுலபம். முதுகு மடிப்புக்குள்ளும் கீழ் ஓரத் தொங்கலுக்குள்ளும் அதைக் கொண்டுபோகாதீர்கள், கட்டிதட்டும். கைகளுக்கு இன்னும் மெல்லியதாக வையுங்கள், முழங்கை மடங்கவேண்டும் அல்லவா.

இந்த அடுக்கு வேண்டும் என்று முடிவானால், வெளித்துணியை வெட்டும் முன்பே முடிவாகட்டும். சுற்றளவு முழுவதும் கூடுதல் இடம் வேண்டும்.

கேள்வி: வீட்டு மெஷின். தடித்த இடம் வந்தால் நின்றுவிடுகிறது, அல்லது தையல் தாவுகிறது.

பதில்: 100-ஆம் எண் ஊசி போடுங்கள், தையல் நீளம் 3 முதல் 3.5 மி.மீ. வையுங்கள், அழுத்தும் பாதத்தின் இறுக்கத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் குறையுங்கள். மேடு ஏறும் இடத்தில் பாதம் முன்னால் தூக்கிக்கொண்டு பின்னால் தாழ்ந்திருக்கும். பாதத்தின் பின்பக்கம் அடியில் அதே உயரத்துக்கு மடித்த துணியை வைத்தால் மட்டமாகிவிடும், ஊசி நகரும். சக்கரத்தைக் கையால் சுற்றி அந்த நாலைந்து தையலைத் தாண்டுங்கள்.

தையலுக்குப் பிறகு உள் ஓரங்களைப் படிப்படியாகக் குறையுங்கள்: வெளிப்பக்கம் படிகிற ஓரம் அகலமாக, அடுத்தது அதைவிடக் குறுகலாக. பிறகு ஈரப் பருத்தித் துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து, நீராவி அடங்குவதற்குள் ஒரு மழமழப்பான மரக்கட்டையால் அழுத்தி, சூடு ஆறும்வரை கையை எடுக்காதீர்கள். கம்பளி ஆறும்போதுதான் வடிவம் பிடிக்கும். காலர் நுனியில் இதைச் செய்துபாருங்கள்: கொழுத்து நின்ற நுனி, கட்டையை எடுக்கும்போது கத்தி முனையாகப் படிந்திருக்கும். எனக்கு இந்த வேலை முழுவதிலும் அதிகச் சந்தோஷம் தரும் நிமிடம் அதுதான்.

கேள்வி: நல்ல துணி, இன்னொன்று கிடைக்காது. வெட்டவே கை வரவில்லை.

பதில்: பழைய போர்வை விரிப்பில் முதலில் தைத்துப் பாருங்கள். லைனிங் வேண்டாம், காஜா வேண்டாம். உடலும் கையும் காலரும் போதும். கோட்டுக்குள் நீங்கள் போடப்போகும் தடித்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அதன்மேல் இதை மாட்டுங்கள். உட்காருங்கள், செருப்பு வாரை மாட்டக் குனியுங்கள், அலமாரியின் மேல்தட்டைத் தொடுங்கள். பிடிக்கிற இடத்தைக் குறித்துத் திருத்திவிட்டு, அந்த விரிப்பையே பிரித்து அளவாக வைத்து வெட்டுங்கள். பயம் குறைய எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை. பெட்டிக்குள் பத்திரமாக இருப்பதாக நினைக்கிற துணியை அங்கே அந்துப்பூச்சி தேடி வரும்; உங்கள் தோளில் அது பத்திரம்.

கேள்வி: தடித்த கோட்டில் பட்டன் தைத்தால் துணி குழிந்து இழுக்கிறதே?

பதில்: பட்டனுக்கும் துணிக்கும் நடுவே தீக்குச்சி வைத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, நூலால் சுற்றிக் கழுத்து உண்டாக்குங்கள். அந்தக் கழுத்து, மேலே வரும் துணியின் தடிமன் அளவுக்கு இருக்கவேண்டும். உள்பக்கம் ஒரு சின்னத் தட்டைப் பட்டனை வைத்து இரண்டையும் சேர்த்துத் தைத்தால் பழைய துணி கிழியாது.

கேள்வி: கோட் தைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன், நன்றாக இருக்கிறது! லைனிங் மட்டும் சீக்கிரம் நைந்துவிடும் என்கிறார்களே?

பதில்: வாழ்த்துகள். சரியாகத்தான் சொல்கிறார்கள், கோட்டில் முதலில் போவது லைனிங். கை முனை, அக்குள், பாக்கெட் வாய் என்று இந்த வரிசையில் பாருங்கள். கீழ் ஓரத்தையும் கை முனையையும் கையால் தைக்கச் சொல்வது இதற்காகவும்தான். பிரிப்பதும் மறுபடி தைப்பதும் எளிது. கை முனை மட்டும் நைந்தால் அந்த அளவுக்கு வெட்டிவிட்டு, மிச்சம் வைத்த லைனிங்கில் ஒரு வளையம் சேர்த்துவிடுங்கள். முழுவதும் மாற்றும் நாள் வந்தால், பிரித்தெடுத்த பழைய லைனிங்கை அளவாக வைத்து வெட்டாதீர்கள், போட்டுப் போட்டு அது இழுபட்டிருக்கும். முதலில் வெட்டிய காகித அளவுகளை இப்போதே ஓர் உறையில் போட்டு, எந்தத் துண்டு எங்கே என்று மேலே எழுதி, ஒரு கைப்பிடி மிச்சக் கம்பளியோடு எடுத்துவையுங்கள்.